மூன்றாவது ஃப்ளாப்பி

2025 தீபாவளி கழிந்த வாரம். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி என் கம்ப்யூட்டர் கடைக்குள் வந்தார். பைக்குள் புது லேப்டாப். அதன்மேல் ஒரு பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் நான்கு ஃப்ளாப்பிகள். ஒவ்வொன்றின் மேலும் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் 1, 2, 3, 4.

"தம்பி, பேரன் இதை வாங்கிக் குடுத்துட்டான். நல்லாத்தான் இருக்கு. ஆனா என் ஜாதகத்தைத் திறக்க மாட்டேங்குது."

ஜாதகம் என்று அவர் சொன்னது, 1996-ல் வாங்கிய டாஸ் காலத்து ஜாதக நிரலை. வாத்தியார் தொழில்முறை ஜோசியர் இல்லை. யாரிடமும் காசு வாங்க மாட்டார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டம் போட்டுக் கொடுப்பது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. மற்றவர்கள் சீட்டாடப் போவதைப் போல.

"போன்லயே ஆப் இருக்கே சார்?"

"இருக்கு, பாத்தேன். அது திருக்கணிதப் பஞ்சாங்கம் போடுது. நான் வாக்கியப் பஞ்சாங்கம் பாக்குறவன். அதுகூடப் பரவாயில்ல. நம்ம ஊருக்கு மணியைத் திருத்தணும்ல?"

வேதாரண்யத்தின் தீர்க்கரேகை 79 பாகை 51 கலை. நாடு முழுவதற்குமான மணி 82 பாகை 30 கலையை வைத்து ஓடுகிறது. பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், நம் ஊர்ச் சூரியன் கடிகாரத்துக்கு 10 நிமிடம் 36 விநாடி பின்தங்கி வருகிறது. இதை நிரலில் ஒரு முறை பதிந்து வைத்திருக்கிறார். இன்னொன்றும் சொன்னார். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, இந்தியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்த மூன்று வருஷத்தில் பிறந்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எழுதிவைத்த பிறந்த நேரம் அந்தப் போர்க்கால மணிதான். "அவங்க ஒவ்வொருத்தருக்கும் கழிச்சுப் போட்டு, பக்கத்துல குறிப்பு எழுதி வச்சிருக்கேன் தம்பி. அந்தக் குறிப்பு ஆப்ல வருமா?"

வராது. அவர் கேட்டது நிரலை அல்ல, அதற்குள் முப்பது வருஷமாகத் தான் சேர்த்துவைத்ததை என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

புது லேப்டாப்பில் இருப்பது 64 பிட் விண்டோஸ். வாத்தியாரின் நிரல் 16 பிட். 64 பிட் முறையில் ஓடும்போது பழைய டாஸ் நிரலுக்கு இடம் கொடுக்கும் வசதி பிராசஸரிலேயே கிடையாது. விண்டோஸின் 64 பிட் பதிப்புகளிலும் அதை ஓட்டும் பாகம் இல்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடியது. 2004-ல் நின்றது. 2023 ஏப்ரலில் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. பழைய வண்டி என்னதான் நல்ல நிலையில் இருந்தாலும் புதுத் தண்டவாளத்தில் அதன் சக்கரம் உட்காராது. டாஸ்பாக்ஸ் என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. பழைய விளையாட்டுகளை ஓட்டுவதற்காக 2002-ல் வெளிவந்தது. அகலப் பாதை நிலையத்துக்குள்ளேயே கொஞ்ச தூரம் மீட்டர் கேஜ் தண்டவாளம் போட்டுக் கொடுப்பதுதான் அதன் வேலை.

யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவைத் தூசி தட்டி எடுத்தேன். முதல் ஃப்ளாப்பி படித்தது. இரண்டாவதும் படித்தது. மூன்றாவது கரகரவென்று முனகி நின்றுவிட்டது. தகட்டின் மூடியை நகர்த்தி வெளிச்சத்தில் பார்த்தேன். கறுப்பு வட்டின்மேல் பொட்டுப் பொட்டாக வெள்ளைப் பூஞ்சை. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் பூச்சே உரிந்து போயிருந்தது.

"சார், பழைய கம்ப்யூட்டர் எங்க?"

"முந்தாநேத்துதான் பழைய இரும்புக்காரன் வந்தான். மருமக போட்டுட்டா."

இந்தக் கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்கக் கற்றுக்கொள்ள எனக்கு இருபது வருஷம் ஆனது. அன்றைக்கும் நான்காவது கேள்வியாகத்தான் கேட்டேன்.

கடை போட்டது 1996-ல். டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, திருத்துறைப்பூண்டியில் ஒருவரிடம் எடுபிடியாக இருந்து, ஒரு 486 கம்ப்யூட்டரும் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் வைத்து மேல வீதிப் பக்கம் ஆரம்பித்தேன். உதிரிப்பாகம் வேண்டுமென்றால் சென்னை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும். இரவு பஸ் ஏறினால் விடிகாலையில் மெட்ராஸ். மத்தியானத்துக்குள் வாங்கிக்கொண்டு மறுபடி பஸ்.

எங்கள் ஊரில் கம்ப்யூட்டருக்கு முதல் எதிரி வைரஸ் இல்லை, உப்புக் காற்று. அகஸ்தியம்பள்ளி உப்பளத்திலிருந்து கூப்பிடு தூரம். ராஜாஜி 1930-ல் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய மண். அந்த உப்பு இன்றைக்கும் ஜன்னல் வழியாக வந்து போர்டில் உட்காருகிறது. வெளியூரில் எட்டு வருஷம் வரும் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை இங்கே நாலு வருஷம் வந்தால் அதிகம். "சிஸ்டம் ஆன் ஆகல, பீப் பீப்னு கத்துது" என்று யார் வந்தாலும் ராம் அட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகுவேன். பத்துக்கு ஏழு ஓடிவிடும். இதற்குக் காசு வாங்கக் கூச்சமாக இருக்கும். வாங்குவேன்.

உப்பும் ஈரமும் தின்னும் ஊரில் ஒரு மெஷின் பத்து வருஷம் தாண்டுவது அபூர்வம். அதனால் பழைய நிரலைப் புது மெஷினுக்கு மாற்றும் வேலை மற்ற ஊர்க் கடைகளைவிட எங்களுக்குச் சீக்கிரம் சீக்கிரம் வந்துவிடுகிறது.

அந்த வேலையில் என்னை முதலில் திகைக்க வைத்தது ஒரு கோல நிரல். 1999 வாக்கில் என்று நினைக்கிறேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் தன் அம்மாவுக்காக டர்போ பாஸ்கலில் எழுதியது. புள்ளிக் கணக்கைக் கொடுத்தால் திரையில் சிக்குக் கோலம் ஒன்று வளைந்து வளைந்து ஓடும். (கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இருக்கும் உறவு தமிழ்நாட்டில் பழையது. மெட்ராஸ் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி 1970-களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக்கி ஆராய்ந்தவர்.) பையன் வீட்டில் புதிதாகப் பென்டியம் 3 வாங்கினார்கள். கோல நிரலைத் தட்டினால் ஒரே வரி வருகிறது: ரன்டைம் எர்ரர் 200. பூஜ்யத்தால் வகுத்தல் என்று அர்த்தம். பையன் தன் நிரலை வரி வரியாகப் பார்த்துவிட்டான். எங்கேயும் வகுத்தலே இல்லை.

காரணம் தெரிந்தபோது சிரிப்புத்தான் வந்தது. டர்போ பாஸ்கலில் திரை வேலைக்கான ஒரு துணைப் பகுதி, நிரல் தொடங்கிய உடனே மெஷினின் வேகத்தை அளந்துகொள்ளும். கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது 55 மில்லி விநாடிக்குள், எத்தனை சுற்றுச் சுற்ற முடிகிறது என்று எண்ணி அதை 55-ஆல் வகுக்கும். அதை எழுதியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு இருந்த மெஷின்களுக்கு அந்தக் கணக்குச் சரி. பென்டியம் 3 சுற்றிய சுற்றில் விடை 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. மரக்காலால் அளக்கக் கொடுத்த இடத்தில் லாரி லோடு நெல்லைக் கொட்டியது போல. விடை கொள்ளாவிட்டாலும் பிராசஸர் அதே பிழையைத்தான் சொல்லும். ஒட்டுப்போட ஒரு சின்ன நிரல் அப்போதே சுற்றிக்கொண்டிருந்தது. ரிச்சி தெருவில் ஒருவர் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தார். கோலம் ஓடியது. ஆனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் போட்டு முடித்துவிட்டது. வளைந்து வளைந்து ஓடுவதைப் பார்ப்பதுதானே அம்மாவுக்குப் பிடிக்கும்? அவரிடம் பழைய மெஷினையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். வேகமான மெஷின் எல்லாவற்றுக்கும் நல்லது என்ற எண்ணம் எனக்கு அன்றோடு போயிற்று.

அடுத்துச் சொல்லப்போவது என் தப்பு.

வங்கி ஊழியர் ஒருவர் மாற்றலாகி எங்கள் ஊருக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் விடிவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு கோடியக்கரைக்குப் போய்விடுவார். கார்த்திகை, மார்கழியில் பூநாரையும் உள்ளானும் ஊசிவால் வாத்தும் வந்து இறங்கும் காலம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பறவைக்கு வளையம் போட்டு விடுவதைப் பல வருஷங்களாகச் செய்துவந்தார்கள். அவர்களைப் பார்த்துப் பார்த்து இவருக்கும் பித்துப் பிடித்துவிட்டது. பார்த்த பறவை, தேதி, இடம், எண்ணிக்கை, கூடவே ஒரு குறிப்பு என்று எல்லாவற்றையும் ஃபாக்ஸ்புரோ என்ற தரவுத்தள நிரலில் ஏற்றி வைத்தார். குறிப்புகள்தான் அழகு. 'சேற்றில் ஒற்றைக்காலில் நின்றது, இடது காலில் வளையம், எண் படிக்க முடியவில்லை' என்கிற மாதிரி.

ஹார்டு டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்ததும் என்னிடம் கொண்டுவந்தார். நான் பட்டியல் இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை எல்லாம் தேடித் தேடி சிடியில் ஏற்றினேன். பழைய டிஸ்க்கை ஃபார்மட் அடித்து, சத்தம் நிற்கிறதா என்று பார்க்க மேலே வேறு எதையோ எழுதியும் பார்த்தேன். புது மெஷினில் ஃபாக்ஸ்புரோ போட்டுத் திறந்தால், மெமோ கோப்பைக் காணோம் என்கிறது. ஃபாக்ஸ்புரோவில் நீளமான குறிப்புகள் டிபிஎஃப்புக்குள் இருக்காது. அதே பெயரில் எஃப்பிடி என்ற வாலோடு பக்கத்தில் தனிக் கோப்பாக இருக்கும். பானையை எடுத்துக்கொண்டு குழம்பை அடுப்பங்கரையிலேயே கொட்டிவிட்டு வந்திருந்தேன். பெயரும் தேதியும் எண்ணிக்கையும் மட்டும் எப்படியோ மீண்டன. குறிப்புகள் ஏழு வருஷத்துக்கும் போயின.

அவர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லங்க, பறவையெல்லாம் அங்கதான இருக்கு" என்றார். திட்டியிருக்கலாம். கோடியக்கரை 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்தேன். அந்த எஃப்பிடிதான் ஞாபகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து எந்த வேலையாக இருந்தாலும் தனித் தனிக் கோப்பாகப் பொறுக்கி எடுப்பதில்லை. முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு நகல். பிறகுதான் மற்றது. பழைய டிஸ்க்கை ஒரு வருஷம் என் அலமாரியில் தேதி எழுதி வைத்திருப்பேன். ஹார்டு டிஸ்க்கின் முதுகில் என் கடை ஸ்டிக்கரை ஒட்டுவதும் அப்போது தொடங்கியதுதான்.

இதனால் தப்பித்தவர் ஒரு தென்னந்தோப்புக்காரர். பழங்காசு சேர்ப்பவர். சோழர் காசு, டச்சுக்காரர் காசு, தஞ்சை மராட்டியர் காசு என்று தட்டுத் தட்டாக வைத்திருப்பார். அவற்றுக்கு ஒரு பட்டியல் நிரல், மைத்துனர் விஷுவல் பேசிக்கில் எழுதிக் கொடுத்தது. விண்டோஸ் 7 மெஷினிலிருந்து 10-க்கு மாற்றினேன். நிரல் கேட்ட துணைக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பதிவு செய்ததும் திறந்தது. பார்த்தால், கடைசியாக ஏற்றிய காசு இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

"தம்பி, நான் போன மாசம்கூட ஏத்துனேன்யா!"

ஏற்றியிருந்தார். விஸ்டா வந்ததிலிருந்து, சாதாரண நிரல் எதுவும் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுத விண்டோஸ் விடாது. ஆனால் பழைய நிரல்கள் தங்கள் ஃபோல்டருக்குள்ளேயே எழுதிப் பழகியவை. தடுத்தால் அவை நின்றுபோகும். அதனால் விண்டோஸ், எழுதியதாகத் தலையாட்டிவிட்டு, அதைப் பயனரின் ஆப்டேட்டாவுக்குள் வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஒரு மறைவிடத்தில் கொண்டுபோய் வைக்கும். நிரல் கேட்கும்போது அங்கிருந்து எடுத்தும் கொடுக்கும். நிரலுக்கே இது தெரியாது. எனக்கும் தெரியாமல் இருந்தது. நிரலின் ஃபோல்டரை மட்டும் கொண்டுவந்தால் நிறுவிய நாளில் இருந்த பழைய பட்டியல்தான் வரும். முழு டிஸ்க் நகல் அலமாரியில் இருந்ததால் போய்த் தேடி எடுத்தேன். இப்போது எந்தப் பழைய நிரலையும் புரோகிராம் ஃபைல்ஸில் போடுவதில்லை. சி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர், அதற்குள்.

காசு வந்ததும் அடுத்தது எழுத்து. பட்டியல் முழுக்க ஆங்கிலக் கிறுக்கலாக நின்றது. முதல் சொல்லை எழுத்தெழுத்தாகப் படித்தேன்: ஈ, எச், இஸட், ஏ, கே, அரைப்புள்ளி. டைப்ரைட்டிங் படித்தவனுக்கு இது கிறுக்கல் இல்லை. ஈ என்றால் ந, எச் என்றால் கால், இஸட் என்றால் ண, ஏ என்றால் ய, கே என்றால் ம, அரைப்புள்ளி என்றால் மேலே வைக்கும் புள்ளி. நாணயம்! பாமினி எழுத்துருவில் அடித்தது. டைப்ரைட்டரில் விரல் எங்கே போகுமோ அங்கே இருக்கும் ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டியதுதான் பாமினி. எழுத்துருக் கோப்பைப் போட்டதும் திரையில் தமிழ் வந்தது. அதோடு விடவில்லை. பட்டியலை வெளியே எடுத்து, எழுத்துரு மாற்றியில் கொடுத்து யூனிகோடாக்கி, எக்செல் கோப்பாகவும் ஒரு நகல் கொடுத்தேன். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடத்தி டாம், டாப் என்று குறியீடுகளைத் தரப்படுத்திய பிறகும் எங்கள் பக்கத்து டிடிபி கடைகள் ஆளுக்கொரு எழுத்துருவில்தான் அடித்துக்கொண்டிருந்தன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்ற பிறகுதான் மெதுவாக மாறியது. பொழுதுபோக்குக்காரர்களிடம் இன்னும் மாறவில்லை.

முடியாமல் போனதும் உண்டு. வருவாய்த்துறையில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், சுற்று வட்டாரத்து ஊர்ப்பெயர்களையும் திடல், புலம், காடு என்று முடியும் இடப்பெயர்களையும் சேகரித்து வைத்திருந்தார். அவருடைய நிரல் ஓட ஜிஸ்ட் அட்டை வேண்டும். சிடாக் நிறுவனம் வெளியிட்டது. டாஸில் இந்திய மொழிகளைக் காட்ட மெஷினுக்குள் சொருகும் நீளமான அட்டை. அதைச் சொருகும் ஐஎஸ்ஏ துளையே இன்றைய போர்டுகளில் கிடையாது. அட்டையைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். "நிரலை விட்டுடுங்க, ஐயா. பேரையெல்லாம் எடுத்துத் தரேன்" என்றேன். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அவரையே பக்கத்தில் உட்கார வைத்துப் பட்டியல் போட்டு, மாற்றும் நிரல் ஒன்று எழுதினோம். பத்து நாள் ஆயிற்று. எல்லாப் பெயரும் வந்தது. அட்டையை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. கடையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்துவிட்டது. தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தன. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் அலைந்த நாட்களில் கம்ப்யூட்டரை யார் நினைத்தார்கள்? தை பிறந்த பிறகுதான் நனைந்த சிபியுக்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதில் ஒன்று ரயில் பைத்தியம் ஒருவருடையது.

மீட்டர் கேஜ் வண்டி நின்றபோது அவர் அதை மனதில் விடவில்லை. மைக்ரோசாஃப்ட் டிரெய்ன் சிமுலேட்டர் என்று 2001-ல் வந்த விளையாட்டில் நாமே பாதை போட்டுக்கொள்ளலாம். குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை, வேதாரண்யம் என்று ஒவ்வொரு நிலையமாக, நின்றுபோன பாதையை அதில் போட்டிருந்தார். ஓரத்தில் பனைமரம். அகஸ்தியம்பள்ளி வரும்போது இருபக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். போர்டு செத்துவிட்டது. ஹார்டு டிஸ்க்கை உடனே கரண்டில் போடாமல் ஒரு வாரம் அரிசிப் பானைக்குப் பக்கத்தில், உலர்ந்த இடத்தில் வைத்தேன். (அரிசிக்குள் புதைப்பது என் வழக்கம் இல்லை. தவிடு உள்ளே போகும்.) பிறகு யுஎஸ்பி கன்வர்ட்டரில் மாட்டி நகல் எடுத்தேன். எல்லாம் இருந்தது.

புது மெஷினில் பழைய விளையாட்டை நிறுவ இரண்டு நாள் முட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் ஓப்பன் ரெயில்ஸ் கண்ணில் பட்டது. இலவசம். பழைய விளையாட்டுக்காகப் போட்ட பாதைகளை அப்படியே படிக்கும். பாதையின் ஃபோல்டரோடு குளோபல் என்ற பொது ஃபோல்டரும் அந்தந்த இடத்தில் இருந்தால் போதும். அவருடைய வண்டி தோப்புத்துறையைத் தாண்டி ஓடியபோது மனிதர் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் டீ சொல்லிவிட்டு வந்தார். 2023-ல் நிஜ ரயில் வந்த பிறகும், "அது அகலப் பாதைண்ணே, நம்ம வண்டி இதுதான்" என்று இன்னமும் இதைத்தான் ஓட்டுகிறார்.

இப்போது வாத்தியாரின் சிபியு.

அவரைக் கடையிலேயே உட்கார வைத்துவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் போய்விட்டது. இன்றைக்கு அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். கேபினெட் இரும்புக் குவியலில், போர்டு தனிச் சாக்கில், ஹார்டு டிஸ்க் அலுமினியத்துக்காக இன்னொரு சாக்கில். அலுமினியச் சாக்கைக் கீழே கவிழ்த்தோம். இருபதுக்கு மேல் இருக்கும். மூன்றில் என் கடை ஸ்டிக்கர் இருந்தது. அதில் ஒன்றில் என் கையெழுத்தில் 2004, வாத்தியாரின் பெயர்ச்சுருக்கம். எடைக்கு என்ன விலையோ அதைக் கொடுத்து மூன்றையுமே வாங்கிக்கொண்டேன்.

கன்வர்ட்டரில் மாட்டியதும் டிஸ்க் சுழன்றது. முதலில் முழு நகல். டாஸ் காலத்து நிரல்களில் ஒரு வசதி உண்டு. பெரும்பாலானவற்றுக்கு நிறுவுவது என்றால் ஒரு ஃபோல்டருக்குள் கோப்புகளைக் கொட்டுவது, அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரி என்று எங்கேயும் எழுதிவைக்காது. ஃபோல்டரைத் தூக்கி டாஸ்பாக்ஸுக்குள் வைத்தேன். திறந்தது. தமிழில் திறந்தது. அந்த நிரல் ஆங்கில எழுத்துகளின் வடிவங்களைத் திரை அட்டைக்குள்ளேயே மாற்றித் தமிழாக்கிக்கொள்ளும் வகை. எக்ஸ்பி நாட்களில் சின்ன ஜன்னலில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். ஆல்ட் எண்டர் அழுத்தி முழுத் திரையாக்கினால்தான் தமிழ் வரும். டாஸ்பாக்ஸ் அந்தத் திரை அட்டையையே நடித்துக் காட்டுவதால் சின்ன ஜன்னலிலும் தமிழ் நின்றது.

பிரிண்ட் மிச்சம். நிரலுக்குத் தெரிந்தது பேரலல் போர்ட்டும் ஒன்பது ஊசி பிரிண்டரும்தான். லேப்டாப்பில் அந்தப் போர்ட் இல்லை. டாஸ்பாக்ஸ் எக்ஸ் என்ற இன்னொரு வகையில், எப்ஸன் டாட் மேட்ரிக்ஸ் போல நடித்து, அந்தப் பக்கம் சாதாரண பிரிண்டருக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மாறி, என் இங்க்ஜெட்டில் ஒரு ஜாதகத்தை விட்டேன். ராசிக் கட்டம், நவாம்சக் கட்டம், அடியில் தசா இருப்பு. எழுத்தெல்லாம் பழையபடி புள்ளி புள்ளியாகவே வந்தது.

வாத்தியார் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக் கொண்டு பார்த்தார். 1943-ல் பிறந்த ஒருவருடைய ஜாதகம். ஓரத்தில் 'போர்க்கால மணி, ஒன்று கழித்தது' என்று இருந்தது.

"கூலி எவ்வளவு தம்பி?"

சொன்னேன். எடைக்கு வாங்கியதையும் சேர்த்துத்தான்.

மற்ற இரண்டு டிஸ்க்குகள் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றில் 2007, மற்றதில் 2011. பெயர் எழுதிய மை அழிந்துவிட்டது. உங்களுடையதாக இருந்தால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். இனி யார் புது கம்ப்யூட்டரோடு வந்தாலும், பழையதையும் கூடவே தூக்கிக்கொண்டு வாருங்கள். மானிட்டர் வேண்டாம், கீபோர்டு வேண்டாம். சிபியு மட்டும் போதும். ஆன் ஆகாவிட்டாலும் பரவாயில்லை.